பண்டைய டிஎன்ஏவும் வரலாற்றுக்கு முந்தைய ஐரோப்பாவின் தந்தைவழி மரபுக்குழுக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொன்மையான எலும்புகளிலிருந்து டிஎன்ஏவைப் படித்தறியும் ஆய்வுகளில் ஐரோப்பாவைப் பற்றியவையே எண்ணிக்கையில் மிகுதி. குளிர்ந்த நிலம், நூறாண்டுக்கும் மேற்பட்ட அகழாய்வு மரபு, எலும்புகளைப் பேணிக் காத்த அருங்காட்சியகங்கள் ஆகிய மூன்றும் அங்கே ஒருசேர வாய்த்தன. அந்த ஆய்வுகளில் தந்தைவழி மரபுக்குழுக்களைப் பற்றி வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. ஒரு தந்தைவழிக் கொடி ஒரு மக்கள் கூட்டத்தின் முழு வரலாற்றையும் சொல்லிவிடாது. ஆனால் அந்த ஆண்கள் யாரோடு சேர்ந்து வாழ்ந்தார்கள், யாருடைய பிள்ளைகள் ஊரில் தங்கினார்கள், யாரை யாருக்கருகில் புதைத்தார்கள் என்பவற்றை அது வியக்கத்தக்க துல்லியத்தோடு காட்டும். கீழுள்ள விடைகள் இந்தப் பார்வையிலிருந்தே எழுதப்பட்டவை.

தந்தைவழி மரபுக்குழு என்பது என்ன?

ஆண்களிடம் உள்ள ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்கிறது. மற்ற குரோமோசோம்களில் தாய்வழிப் பங்கும் தந்தைவழிப் பங்கும் தலைமுறைதோறும் கலைந்து புதிதாகச் சேர்கின்றன. ஒய் குரோமோசோமோ, அதன் இரு முனைகளில் உள்ள சிறு பகுதிகள் நீங்கலாக, கலப்பின்றி அப்படியே பிரதியாகி இறங்குகிறது. டிஎன்ஏ நான்கு வகை வேதி எழுத்துகளால் ஆன நீண்ட தொடர்; பிரதியாகும்போது அரிதாக ஓர் எழுத்து மாறிவிடும். இந்தச் சடுதிமாற்றம் அந்த மனிதனின் மகன், பேரன், கொள்ளுப்பேரன் என அவன் கொடிவழியில் வரும் ஆண்கள் அனைவரிடமும் நிலைத்துவிடுகிறது. ஒரே பிழையைக் கொண்ட ஏட்டுச்சுவடிகள் ஒரே மூலச் சுவடியைப் பார்த்து எழுதப்பட்டவை என்று பதிப்பாசிரியர்கள் கண்டுகொள்வதைப் போல, ஒரே சடுதிமாற்றத்தைத் தாங்கிய ஆண்கள் ஒரே மூதாதையின் வழிவந்தவர்கள் என்று மரபியலாளர்கள் முடிவு செய்கிறார்கள். அப்படி ஒரு மூதாதையின் கீழ் வரும் கூட்டத்தையே ஹேப்லோகுரூப் அல்லது மரபுக்குழு என்கிறோம்.

எழுத்துகள் எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை மாறுகின்றன என்பதை அளக்கவும் பண்டைய எலும்பே உதவியது. மேற்கு சைபீரியாவில் இர்டிஷ் ஆற்றங்கரையில் கிடைத்த உஸ்த்-இஷிம் மனிதனின் தொடை எலும்பு சுமார் 45,000 ஆண்டுகள் பழமையானது. இன்றைய ஆண்களோடு ஒப்பிடுகையில் அவனுடைய ஒய் குரோமோசோமில் எத்தனை மாற்றங்கள் குறைவாக உள்ளன என்று எண்ணிப் பார்த்து, ஒரு கோடி எழுத்துள்ள நம்பகமான பகுதியில் ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு ஒரு மாற்றம் நிகழ்கிறது என்று 2014-இல் கணக்கிட்டனர்.

ஆர்1பி-எம்269 போன்ற பெயர்களை எப்படிப் படிப்பது?

முதலில் வரும் ஆங்கில எழுத்து பெருங்கிளையைக் குறிக்கும். அடுத்தடுத்து வரும் எண்களும் எழுத்துகளும் உட்கிளைகளைக் குறிக்கும். இடைக்கோட்டுக்குப் பின் வருவது அந்தக் கிளையை அடையாளம் காட்டும் சடுதிமாற்றத்தின் பெயர். 2002-இல் இந்த முறை ஒழுங்குபடுத்தப்பட்டது. புதிய கிளைகள் கண்டறியப்படுந்தோறும் நீண்ட பெயர்கள் மாறிக்கொண்டே இருப்பதால், பின்னால் வரும் சடுதிமாற்றப் பெயரை நம்புவதே பாதுகாப்பானது. ஒரே எழுத்தில் தொடங்கும் இரு மரபுக்குழுக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தவையாக இருக்கலாம் என்பதை வாசகர் மறக்கக் கூடாது. பொதுவெளியில் நடக்கும் குழப்பங்களில் பாதி இங்கேதான் தொடங்குகின்றன.

இவ்வளவு பழைய எலும்பில் டிஎன்ஏ எப்படித் தங்குகிறது? அது பழையதுதான் என்று எப்படி உறுதி செய்கிறார்கள்?

இறந்த உடலில் டிஎன்ஏ சிதையத் தொடங்குகிறது. பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பின் எஞ்சுவது பெரும்பாலும் நூறு எழுத்துக்கும் குறைவான துண்டுகளே. உட்செவியைச் சுற்றி அமைந்த பெட்ரஸ் எலும்பு உடலிலேயே மிக அடர்த்தியானது. மற்ற எலும்புகளைவிடப் பல மடங்கு டிஎன்ஏ அதில் தங்கியிருப்பது 2014 வாக்கில் தெரிய வந்த பிறகே இத்துறை வேகம் பிடித்தது. ஆய்வகத்தில் தலை முதல் கால் வரை மூடிய உடையோடு, காற்று வடிகட்டப்பட்ட அறையில் அந்த எலும்பைத் துளைத்துச் சில பத்து மில்லிகிராம் தூளை எடுக்கிறார்கள்.

பழமைக்கான அடையாளம் டிஎன்ஏவிலேயே இருக்கிறது. காலம் செல்லச் செல்லத் துண்டுகளின் முனைகளில் சைட்டோசின் என்னும் எழுத்து சிதைந்து, கருவிக்குத் தைமின் போலத் தெரியத் தொடங்கும். அகழாய்வாளரின் கையிலிருந்தோ அருங்காட்சியக ஊழியரின் மூச்சிலிருந்தோ ஒட்டிய புதிய டிஎன்ஏவில் இந்தச் சிதைவு இராது. எலும்பு ஆணுடையதாக இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு. ஆணிடம் எக்ஸ் குரோமோசோம் ஒன்றே இருப்பதால், அதன் ஓர் இடத்தில் இரண்டு வேறு எழுத்துகள் தென்பட்டால் வேறொருவரின் டிஎன்ஏ கலந்துவிட்டது என்று பொருள். இந்த முறைகளுக்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவரான ஸ்வாந்தே பேபோ 2022-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

இன்று வாழும் ஐரோப்பியர்களைச் சோதித்தே பழங்காலத்தை அறிய முடியாதா?

முயன்றார்கள், தவறான முடிவுக்கே வந்தார்கள். இன்று மேற்கு அயர்லாந்தில் பத்து ஆண்களில் எட்டுப் பேருக்கு மேல் ஆர்1பி-எம்269 குழுவினர். ஸ்பெயின், பிரான்ஸ் எல்லைப் பகுதியில் வாழும் பாஸ்க் மக்களிடமும் நிலைமை அதுவே. அட்லாண்டிக் கரையில் செறிவு மிகுந்தும் கிழக்கே செல்லச் செல்லக் குறைந்தும் இருப்பதைக் கண்டு, பனியுகத்தின் கடுங்குளிரில் ஐபீரியத் தீபகற்பத்தில் (இன்றைய ஸ்பெயின், போர்ச்சுகல்) ஒதுங்கி வாழ்ந்த வேட்டை மக்களின் நேர் வாரிசுகளே இவர்கள் என்று இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பலர் நம்பினர். 2010-இல் வேறோர் ஆய்வாளர் குழு, இது அனத்தோலியாவிலிருந்து (இன்றைய துருக்கியிலிருந்து) வந்த முதல் உழவர்களின் குழு என்று வாதிட்டது.

எலும்புகளைப் படித்தபோது இரண்டுமே விழுந்தன. மேற்கு ஐரோப்பாவின் வேட்டை மக்களிடம் எம்269 காணப்படவில்லை. முதல் உழவர்களிடமும் காணப்படவில்லை. கி.மு. 3000-க்குப் பின் கிழக்கிலிருந்து வந்தவர்களோடுதான் அது மேற்கே தோன்றுகிறது. இன்று ஒரு குழு செறிந்திருக்கும் இடமே அதன் பிறப்பிடம் என்று கொள்வது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இத்துறையில் இல்லை.

பனியுக ஐரோப்பாவில் எந்தத் தந்தைவழிகள் இருந்தன?

முதன்மையாக சி1 குழுவும், பிறகு ஐ குழுவும் இருந்தன. டான் ஆற்றங்கரையில் கொஸ்தென்கி என்னுமிடத்தில் புதைக்கப்பட்டவர் சுமார் 38,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர், அவர் சி1பி. மாஸ்கோவுக்குக் கிழக்கே சுங்கிர் என்னுமிடத்தில் சுமார் 34,000 ஆண்டுகளுக்கு முன் இரு சிறார்களைத் தலையோடு தலை சேர்த்துப் புதைத்து, மாமூத் தந்தத்தில் செதுக்கிய ஆயிரக்கணக்கான மணிகளை அவர்கள் மேல் இட்டிருந்தனர். ஒருவர் சிறுவன், மற்றவர் சிறுமி என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. இருவரும் சிறுவர்களே என்பதையும், இருவரும் சி1ஏ2 குழுவினர் என்றாலும் நெருங்கிய உறவினர் அல்லர் என்பதையும் 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரே மரபுக்குழு என்றால் உடன்பிறந்தார் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு அந்தக் குழியே சான்று.

பனி பின்வாங்கிய பிறகு ஐ2 பரவலாகிறது. சுவிட்சர்லாந்தின் பிஷோன் குகையில் கிடைத்த சுமார் 13,700 ஆண்டுப் பழமையான மனிதரும், லக்சம்பர்க்கின் லோஷ்பூரில் கிடைத்த 8,000 ஆண்டுப் பழமையான மனிதரும் ஐ2 குழுவினர். எனினும் பழைய கிளை முழுதும் அழிந்துவிடவில்லை. ஸ்பெயினின் லா பிராஞ்ஞா குகையில் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, கருந்தோலும் நீலக் கண்ணும் உடையவராக இருந்திருக்கக்கூடிய வேட்டையாடி சி1ஏ2 குழுவினரே. சுங்கிர் சிறுவர்களின் பெருங்கிளை, அவர்களுக்கு 27,000 ஆண்டுகளுக்குப் பின்னும் கண்டத்தின் மறுகோடியில் உயிரோடு இருந்திருக்கிறது.

பனியுக இத்தாலியிலேயே ஆர்1பி கிடைத்ததாகச் சொல்கிறார்களே?

ஆம். வடக்கு இத்தாலியின் வில்லாப்ரூனாவில் சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர் ஆர்1பி குழுவினர். தன்யூப் ஆற்றின் இரும்புவாயில் பள்ளத்தாக்கில் வாழ்ந்த வேட்டை மக்களிடமும் ஆர்1பி உண்டு. ஆனால் இவர்கள் இன்றைய மேற்கு ஐரோப்பாவில் பரவியுள்ள எம்269 கிளையைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஒரு பெருமரத்தின் வேறு கிளைகள் இவை. இந்த வேறுபாட்டைக் கவனியாமல் வில்லாப்ரூனா மனிதரை இன்றைய அயர்லாந்துக்காரரின் நேர்ப் பாட்டனாக்கும் எழுத்துகளை இணையத்தில் ஏராளமாகக் காணலாம். அவற்றை நம்ப வேண்டாம்.

முதல் உழவர்களின் தந்தைவழி எது?

அனத்தோலியாவிலிருந்து கி.மு. ஏழாம் ஆயிரத்தாண்டில் ஏஜியன் கரை வழியாக ஐரோப்பாவுக்குள் நுழைந்த உழவர்களிடம் மிகுதியாகக் காணப்படுவது ஜி2ஏ. தன்யூப் வழியாக நடு ஐரோப்பாவுக்கும், மத்தியதரைக் கடற்கரை வழியாக ஸ்பெயினுக்கும் சென்ற இரு பிரிவினரிடமும் அது இருந்தது. ஆல்ப்ஸ் மலையில் 1991-இல் பனியிலிருந்து வெளிப்பட்ட ஏட்ஸி என்னும் பனிமனிதரும் ஜி2ஏ குழுவினரே. கி.மு. 3300-ஐ ஒட்டி வாழ்ந்த அவருடைய பரம்பரையில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் அனத்தோலிய உழவர் பங்கு என்பதை 2023-இல் வெளியான மறுஆய்வு உறுதி செய்தது. இன்று ஐரோப்பாவின் பெரும்பகுதியில் ஜி2ஏ அரிது. அவருடைய உட்கிளை சார்டினியா, கோர்சிகா தீவுகளில்தான் ஓரளவு எஞ்சியுள்ளது.

இந்த உழவர்களின் குடும்ப வாழ்வை அருகில் நின்று பார்க்க விரும்புவோர் பிரான்சின் குர்ஜி இடுகாட்டைப் பற்றிப் படிக்க வேண்டும். பாரிஸ் படுகையில், கி.மு. 4850 முதல் 4500 வரையிலான காலத்தில் ஒரு சிற்றூர் மக்கள் தம் இறந்தோரை அங்கே புதைத்தனர். 94 பேரின் டிஎன்ஏவைப் படித்த ஆய்வாளர்கள், அவர்களில் 64 பேரை ஏழு தலைமுறை நீளும் ஒரே குடும்ப மரத்தில் பொருத்தினர். அந்த மரத்தின் உச்சியில் ஓர் ஆண் இருக்கிறார். அவருடைய எலும்புகளில் சில மட்டுமே வேறிடத்திலிருந்து கொண்டுவரப்பட்டு ஒரு பெண்ணின் குழியில் சேர்க்கப்பட்டிருந்தன. புதிய இடத்தில் குடியேறியபோது குலமுதல்வரின் எலும்பை உடன் எடுத்து வந்திருக்கிறார்கள் என்றே இதற்குப் பொருள் கொள்ள வேண்டியுள்ளது. அவருக்குப் பின் வரும் ஆண்கள் அனைவரும் பங்காளிகள். அந்தக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்த பெண்களின் எலும்புகள் அங்கே ஏறத்தாழ இல்லை; அவர்கள் மணமாகிப் புகுந்த ஊர்களுக்குப் போய்விட்டார்கள். மருமகள்களாக வந்த பெண்களோ பெரும்பாலும் தமக்குள் உறவில்லாதவர்கள். தாய் வேறாகவோ தந்தை வேறாகவோ இருந்த உடன்பிறந்தார் ஒருவரும் தென்படாததால், பலதார மணம் அங்கே வழக்கில் இல்லை என்றும் தெரிகிறது. எழுத்தே அறியாத ஒரு காலத்தின் ஊர் வழக்கம் இவ்வளவு தெளிவாகக் கிடைத்திருப்பது எனக்கு இன்றளவும் பெரும் வியப்பைத் தருகிறது.

உழவர்கள் வந்த பிறகு வேட்டை மக்களின் தந்தைவழிகள் அழிந்துவிட்டனவா?

இல்லை, கி.மு. ஐந்தாம், நான்காம் ஆயிரத்தாண்டுகளில் அவை மீண்டெழுகின்றன. எல்லாக் குரோமோசோம்களையும் சேர்த்துப் பார்க்கும் முழுப் பரம்பரையில் உழவர் பங்கே பெரும்பான்மையாக நீடிக்க, ஒய் குரோமோசோமில் மட்டும் வேட்டை மக்களின் ஐ2ஏ பல இடங்களில் ஜி2ஏவைப் பின்தள்ளிவிடுகிறது. பிரிட்டன், அயர்லாந்து ஆகிய நாடுகளின் பெருங்கற்கால ஆண்களில் மிகப் பெரும்பாலோர் ஐ2ஏ. அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் பெருங்கல்லறையின் நடு அறையில், கி.மு. 3200-ஐ ஒட்டிப் புதைக்கப்பட்ட ஆணும் இக்குழுவினரே. அவருடைய பெற்றோர் உடன்பிறந்தார் அல்லது பெற்றவரும் பிள்ளையும் என்பது 2020-இல் வெளிப்பட்டது.

இங்கிலாந்தின் ஹேசல்டன் நார்த் கல்லறை இன்னும் சிக்கலான ஒரு செய்தியைச் சொல்கிறது. கி.மு. 3700-ஐ அடுத்த காலத்தில் அங்கே புதைக்கப்பட்ட 35 பேரில் 27 பேர் ஐந்து தலைமுறை உறவினர்கள். ஓர் ஆணும் அவருக்குப் பிள்ளை பெற்ற நான்கு பெண்களுமே தொடக்கம். கல்லறையில் வடக்கு, தெற்கு என இரு அறைப்பகுதிகள் இருந்தன. யார் எந்தப் பகுதியில் என்பது பெரும்பாலும் அந்தப் பெண்களில் யாருடைய வழிவந்தவர் என்பதைப் பொறுத்தே அமைந்தது. மேலும், தாய் அக்குடும்பத்தைச் சேர்ந்தவராகவும் தந்தை வேறொருவராகவும் இருந்த ஆண்களுக்கும் அங்கே இடம் தரப்பட்டது. ஒய் குரோமோசோமை மட்டும் பார்த்திருந்தால் இவர்கள் அயலார் என்றே நாம் எழுதியிருப்போம். அந்த ஊரார் இவர்களைப் பிள்ளைகளாகவே கருதினர்.

கி.மு. 3000-ஐ ஒட்டி என்ன நடந்தது?

கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் வடக்கே விரிந்த ஸ்டெப்பி புல்வெளியில், மாட்டு வண்டிகளோடும் மந்தைகளோடும் இடம்பெயர்ந்து வாழ்ந்த யம்னயா மக்கள் மேற்கே பரவினர். மரபியலாளர்கள் வுல்ஃப்காங் ஹாக், டேவிட் ரைக் ஆகியோர் அடங்கிய குழுவும், கோபன்ஹேகனைச் சேர்ந்த இன்னொரு குழுவும் 2015-இல் தனித்தனியே வெளியிட்ட ஆய்வுகள் இதை ஐயமறக் காட்டின. ஜெர்மனியில் கிடைத்த கயிற்று வரிப் பானைப் பண்பாட்டு மக்களின் பரம்பரையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஸ்டெப்பியிலிருந்து வந்தது.

தந்தைவழிகளைப் பொறுத்தவரை இங்கே ஒரு புதிர் உண்டு. யம்னயா கல்லறை மேடுகளில் கிடைத்த ஆண்களில் பெரும்பாலோர் ஆர்1பி-இசட்2103 கிளையினர். கயிற்று வரிப் பானை மக்களிடம் மிகுதியாக இருப்பதோ ஆர்1ஏ-எம்417. அவர்களுக்கு மேற்கே மணிவடிவக் குவளைப் பண்பாட்டோடு பரவியது, இசட்2103-இன் உடன்பிறப்புக் கிளையான ஆர்1பி-எல்51. ஆகவே, நமக்குக் கிடைத்துள்ள யம்னயா தலைவர்களே இன்றைய மேற்கு ஐரோப்பியரின் நேர்த் தந்தைவழி என்று சொல்ல இயலாது. ஸ்டெப்பியில் பல கொடிவழிகள் இருந்தன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் பெருகியது என்பதே பொருத்தமான விளக்கம். இன்றைய செக் நாட்டிலுள்ள போஹீமியாவின் தொடக்ககாலக் கயிற்று வரிப் பானைக் கல்லறைகளில் பல தந்தைவழிகள் கலந்து கிடக்கின்றன. ஆர்1பி-எல்51-உம் அவற்றில் உண்டு. சில நூற்றாண்டுகளுக்குள் அவை சுருங்கி, ஆர்1ஏ-எம்417 ஒன்றே ஓங்கிவிடுகிறது. இது வெளியிலிருந்து புதியவர் வந்து நிகழ்ந்ததாகத் தெரியவில்லை. ஊருக்குள்ளேயே ஒரு வகையறா மற்றவற்றை விஞ்சிப் பெருகியிருக்கிறது.

வந்தவர்கள் உள்ளூர் ஆண்களைக் கொன்றுவிட்டார்களா?

இக்கேள்வியை எழுப்பியது ஐபீரியத் தரவு. கி.மு. 2500-க்கும் 2000-க்கும் இடையே அங்கே முழுப் பரம்பரையில் சுமார் 40 விழுக்காடு மாறியது. ஒய் குரோமோசோம்களோ ஏறத்தாழ முழுவதும் ஆர்1பிக்கு மாறிவிட்டன. உள்ளூர்ப் பெண்களின் வாரிசுகள் தழைத்தனர், உள்ளூர் ஆண்களின் தந்தைவழி நின்றுபோனது. நடு ஸ்பெயினின் காஸ்தியேஹோ தெல் போனெத்தே கல்லறையில் ஸ்டெப்பிப் பரம்பரை கொண்ட ஓர் ஆணும் அது சிறிதும் இல்லாத ஒரு பெண்ணும் சேர்த்துப் புதைக்கப்பட்டிருந்தது பலரின் கற்பனையைத் தூண்டியது. 2018-இல் இது குறித்த தொடக்கச் செய்திகள் வெளியானபோது சில ஏடுகள் ‘படையெடுப்பு’ என்றே தலைப்பிட்டன. ஸ்பெயினின் தொல்லியலாளர்கள் பலர் அதைக் கடுமையாக மறுத்தனர்.

வன்முறை இருந்தது என்பதில் ஐயமில்லை. போலந்தின் கோஷித்செவில் கி.மு. 2800-ஐ ஒட்டி ஒரே குழியில் இடப்பட்ட 15 பேரும் தலையில் அடிபட்டு இறந்தவர்கள். அவர்களில் ஆண்கள் அனைவரும் ஐ2ஏவின் ஒரே உட்கிளையினர். தாய்க்கு அருகில் பிள்ளை, உடன்பிறந்தார் அருகருகே என்று உறவறிந்த யாரோ அவர்களைக் கிடத்தியிருக்கிறார்கள். தந்தையர் பெரும்பாலும் அங்கே இல்லை. ஜெர்மனியின் ஆய்லாவில் இதே கொடுமை கயிற்று வரிப் பானை மக்களுக்கு நேர்ந்தது. அங்கே ஒரு குழியில் தாய், தந்தை, இரு மகன்கள் ஒருவரையொருவர் நோக்கியவாறு கிடத்தப்பட்டிருந்தனர். தந்தையும் மகன்களும் ஆர்1ஏ. ஆக, பழைய குடிகளும் புதிய குடிகளும் தாக்குதலுக்கு ஆளாகினர்.

ஆயினும் ஐந்நூறு ஆண்டு மாற்றத்துக்கு ஒரு பெரும் படுகொலை தேவையில்லை. ஒரு வகையறா ஒவ்வொரு தலைமுறையிலும் மற்றவர்களைவிட 20 விழுக்காடு கூடுதலாக ஆண்மக்களை வளர்த்தெடுத்தால், 20 தலைமுறைகளில் அது மற்றவற்றோடு ஒப்பிடுகையில் 38 மடங்கு பெருகியிருக்கும். மந்தையும் நிலமும் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் சமூகத்தில் இந்த வேறுபாடு எளிதில் உண்டாகும். கொள்ளைநோயின் கிருமியான எர்சினியா பெஸ்டிஸ் அக்கால எலும்புகளிலேயே கண்டறியப்பட்டிருப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆனால் நோய் ஆண்களை மட்டும் தேர்ந்தெடுக்காது என்பதால், தந்தைவழியின் மறைவுக்கு மண உறவும் சொத்துரிமையும் முதன்மைக் காரணங்கள் என்றே நான் கருதுகிறேன்.

ஒரு காலத்தில் 17 பெண்களுக்கு ஓர் ஆணே இருந்தானா?

இல்லை. உலகெங்கும் இன்று வாழும் ஆண்களின் ஒய் குரோமோசோம்களை 2015-இல் ஆராய்ந்தவர்கள், சுமார் 5,000 முதல் 7,000 ஆண்டுகளுக்கு முன் தந்தைவழிகளின் பன்மை கடுமையாகச் சுருங்கியதைக் கண்டனர். அதிலிருந்து பிறந்ததே இந்த விகிதம். இது எத்தனை பேரின் வழி அடுத்தடுத்த தலைமுறைகளுக்குத் தொடர்ந்தது என்பதைக் காட்டும் கணக்கு. ஊரில் இருந்த தலைகளின் எண்ணிக்கை அல்ல. பங்காளிக் கூட்டங்களாக மக்கள் வாழும்போது ஒரு கூட்டம் போரிலோ பஞ்சத்திலோ அழிந்தால் ஒரு தந்தைவழி முழுதாக மறைகிறது. பெண்கள் பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் என்பதால் தாய்வழிகள் அப்படி மறைவதில்லை. போர் இல்லாமலே, செல்வாக்குள்ள கூட்டங்கள் பெருகிப் பிரிவதாலும் இதே விளைவு வரும் என்பதை 2024-இல் வெளியான கணிப்பாய்வு காட்டியது.

பெண்களின் வரலாற்றை இந்த ஆய்வுகள் மறைத்துவிடவில்லையா?

ஒய் குரோமோசோமை மட்டும் படித்தால் மறைந்துதான் போகும். தாய்வழியாக இறங்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் செல் உறுப்பின் டிஎன்ஏவையும், பல்லின் எனாமலில் தங்கும் ஸ்ட்ரோன்சியம் என்னும் தனிமத்தையும் சேர்த்துப் படிக்கும்போது பெண்கள் முன்னே வருகிறார்கள். பிறந்து வளர்ந்த மண்ணின் தடயம் பல்லில் பதிந்திருப்பதால், பெரியவரானபின் இடம்பெயர்ந்தவரை அடையாளம் காணலாம். ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க் நகருக்குத் தெற்கே லெஹ் பள்ளத்தாக்கில், வெண்கலக் காலப் பண்ணை வீடுகளின் இடுகாடுகளை 2019-இல் இப்படி ஆராய்ந்தனர். தந்தை, மகன், பேரன் என்று ஆண்கள் நான்கைந்து தலைமுறை ஒரே பண்ணையில் நீடித்தனர். அவர்களருகே செல்வச் சிறப்போடு புதைக்கப்பட்ட பெண்கள் தொலைவிலிருந்து வந்தவர்கள். அவ்வீட்டில் பிறந்து பருவமடைந்த மகள் ஒருத்தியும் அங்கே இல்லை.

இதுவே ஐரோப்பா முழுமைக்கும் எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. தென் இங்கிலாந்தின் டார்செட்டில், உரோமர் வருகையை ஒட்டிய இரும்புக் காலத்தில் வாழ்ந்த துரோத்ரிகேஸ் மக்களின் இடுகாட்டை ஆராய்ந்து 2025-இல் வெளியிட்ட முடிவு இதற்கு நேரெதிர். அங்கே பெரும்பாலோர் ஒரே தாய்வழியில் வந்தவர்கள். ஆண்களே மணமாகி வந்து சேர்ந்தவர்கள். ஆகவே ஒய் குரோமோசோம்கள் பலவகைப்பட்டுக் கிடந்தன.

மரபுக்குழுவைக் கொண்டு மொழியையோ இனத்தையோ சொல்ல முடியுமா?

முடியாது. ஸ்டெப்பிப் பரவலுக்கும் இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் பரவலுக்கும் வலுவான தொடர்பு உண்டு என்பதைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கின்றனர். ஆனால் அத்தொடர்பு மக்கள்தொகை அளவிலானது. பாஸ்க் ஆண்களில் மிகப் பெரும்பாலோர் ஆர்1பி. அவர்கள் பேசும் மொழியோ இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. பின்லாந்து ஆண்களில் பாதிக்கு மேல் ‘என்’ (N) என்னும் குழுவினர். பின்லாந்தின் பின்னிய மொழிக்குத் தூரத்து உறவான ஹங்கேரியன் பேசுவோரிடம் அக்குழு மிக அரிது. கொடிவழி ஒரு பாதையில் செல்ல, நாக்கு வேறு பாதையில் செல்வது இயல்பு.

பானை வகை ஒன்று, மக்கள் ஒன்று, இனம் ஒன்று என்று சமன்பாடு போட்டவர் ஜெர்மானியத் தொல்லியலாளர் குஸ்தாஃப் கோசின்னா. அவர் 1931-இல் இறந்த பின் நாஜிகள் அந்தக் கருத்தைத் தம் நில ஆசைக்குச் சான்றாக்கிக்கொண்டனர். அந்த நினைவு ஐரோப்பியத் தொல்லியலாளரிடம் இன்னும் ஆறவில்லை. மரபுக்குழு வரைபடங்களில் அம்புக்குறிகளைக் கண்டவுடன் அவர்கள் எச்சரிக்கை அடைவதில் நியாயம் இருக்கிறது.

நீயாண்டர்தால் மனிதரின் ஒய் குரோமோசோம் இன்று யாரிடமாவது உள்ளதா?

இதுவரை சோதிக்கப்பட்ட ஆண்களில் ஒருவரிடமும் இல்லை. ஸ்பெயின், பெல்ஜியம், ருஷ்யா ஆகிய நாடுகளில் கிடைத்த மூன்று நீயாண்டர்தால் ஆண்களை ஆராய்ந்து 2020-இல் வெளிவந்த முடிவு, எதிர்த்திசையில் ஒரு மாற்றம் நடந்ததைக் காட்டியது. ஒரு லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பே நம் இனத்தின் முற்பட்ட கிளையொன்றின் ஒய் குரோமோசோம் அவர்களுக்குள் நுழைந்து, அவர்களுடைய பழைய தந்தைவழியை முற்றிலும் நீக்கிவிட்டிருந்தது.

தமிழர்களிடமும் இந்தியாவின் பிற பகுதிகளிலும் காணப்படும் ஆர்1ஏ ஐரோப்பாவிலிருந்து வந்ததா?

கிளைகளைப் பார்க்க வேண்டும். ஆர்1ஏ-எம்417 சுமார் 5,500 ஆண்டுகளுக்கு முன் இரண்டாகப் பிரிந்தது. ஐரோப்பாவில் பரவியது இசட்282. தெற்காசியாவில் உள்ளது இசட்93. ஆகவே இன்றைய போலந்துக்காரரும் இன்றைய இந்தியரும் ஒருவர் மற்றவரின் வழித்தோன்றல் அல்லர். ஒரு பொது மூதாதையின் இரு கிளையினர். அதே வேளையில், பண்டைய எலும்புகளில் இசட்93 முதலில் தெளிவாகத் தென்படுவது கிழக்கு ஐரோப்பியச் சமவெளியின் ஃபத்யானோவோ பண்பாட்டிலும், பின் ஊரல் மலையருகே சிந்தாஷ்தா பண்பாட்டிலும்தான். தெற்காசியாவுக்கு அது கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டில் வந்தது என்பதே 2019-இல் வெளியான பெரிய ஆய்வின் முடிவு. அதே ஆய்வில், இன்றைய பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கில் கிடைத்த இரும்புக் கால ஆண்கள் 44 பேரில் இருவரிடம் மட்டுமே இசட்93 இருந்தது என்பதும், அங்கே ஸ்டெப்பிப் பங்கு பெரும்பாலும் பெண்கள் வழியாக வந்தது என்பதும் தெரிந்தன. சிந்துவெளி நகரமான ராகிகடியில் டிஎன்ஏ கிடைத்தவர் ஒரு பெண் என்பதால், சிந்துவெளி ஆண்களின் தந்தைவழி பற்றி அந்த எலும்பு எதுவும் சொல்ல இயலாது.

தமிழகத்தில் பரவலாக உள்ள எச் குழுவுக்கும் ஐரோப்பாவில் ஓர் ஒன்றுவிட்ட உறவு உண்டு. நம்மிடம் இருப்பது எச்1. அதன் உடன்பிறப்பான எச்2, அனத்தோலியாவிலிருந்து சென்ற முதல் உழவர்கள் சிலரிடம் இருந்தது. அவர்களோடு ஸ்பெயின் வரையும் அயர்லாந்து வரையும் சென்றது. இரண்டும் பிரிந்து பல பத்தாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டதால், இதைக் கொண்டு தமிழர் ஐரோப்பாவுக்குப் போனார்கள் என்றோ அவர்கள் இங்கே வந்தார்கள் என்றோ கதை கட்ட இடமில்லை.

பரிசோதனை நிறுவனம் எனக்கு ஒரு மரபுக்குழுவைச் சொல்கிறது. அதை எப்படிப் புரிந்துகொள்வது?

பத்துத் தலைமுறைக்கு முன் உங்கள் குடும்ப மரத்தில் 1,024 இடங்கள் உள்ளன. அந்தக் குறியீடு அவற்றுள் ஒரே ஓர் இடத்தில் இருந்த ஒருவரைப் பற்றியது. நெருங்கிய உட்கிளை வரை சோதித்திருந்தால், அதே உட்கிளை எந்த நாட்டுப் பண்டைய எலும்பில், எந்தக் காலத்தில் கிடைத்தது என்று ஒப்பிடலாம். வெறும் ஆர்1ஏ என்றோ ஜே2 என்றோ மட்டும் சொன்னால் அது பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பெருங்கிளையின் பெயர் மட்டுமே. சாதியையோ ஊரையோ மொழியையோ அதிலிருந்து பெற முடியாது. பெண்கள் தம் தந்தைவழியை அறிய விரும்பினால் தந்தையையோ, உடன்பிறந்த சகோதரனையோ, சித்தப்பா பெரியப்பாவையோ, அவர்களுடைய மகன்களையோ சோதிக்கச் சொல்லலாம்; தாய்மாமனின் சோதனை அதற்குப் பயன்படாது, அது தாயின் தந்தைவழியைக் காட்டும்.